புதுசா, புதுப்பித்ததா?

பல்லாவரத்தில் குடியிருக்கும் சகோதரிகளுக்கு அநுபவத்தில் ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்காரரைத் தனியாக வெளியே அனுப்பாதீர்கள். அன்றைக்குத்தான் பழைய டிரங்க் ரோடில் சந்தை கூடுகிறது. ரோஜாச் செடி, கருவாடு, லவ் பேர்ட்ஸ், ஒரு கால் ஊனமான நாற்காலி, யார் வீட்டிலோ உழைத்து ஓய்ந்த டெலிவிஷன் பெட்டி என்று அங்கே கிடைக்காத வஸ்து இல்லை. நாம் செடி வாங்கப் போவோம். அவர்கள் சாக்குப் படுதாவில் பரப்பியிருக்கும் இரும்புச் சாமான்களின் முன்னால் போய்க் குந்திக்கொள்வார்கள். அப்புறம் எழுப்புவது கஷ்டம்.

அன்று என் வீட்டுக்காரர் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது ஓர் ஆல்டர்னேட்டர். பெரிய தேங்காய் அளவுக்கு, அழுக்கும் எண்ணெயுமாக இருந்தது. பச்சைக் குழந்தையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடற கண்டிஷன் ஸார். ஆயிரத்து ஐந்நூறு கொடுங்க, எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

"பதிமூவாயிரத்து ஐந்நூறு எங்கே, ஆயிரத்து ஐந்நூறு எங்கே!" என்று அவர் என் பக்கம் திரும்பினார். இரண்டு நாளைக்கு முன்னால், "வாங்கினால் புதுசுதான் வாங்குவேன், பழைய சாமானை என் காரில் தொட விடமாட்டேன்" என்று சபதம் செய்தவரும் இவரேதான்!

அந்தச் சமயத்தில் மீனம்பாக்கத்துக்கு ஒரு விமானம் தாழப் பறந்து போயிற்று. பேச்சு காதில் விழவில்லை. சத்தம் அடங்கியதும் அவர், "அதோ போகிறதே, அதன் சக்கரத்தில் இருப்பதுகூடப் பழைய டயராக இருக்கலாம், தெரியுமா?" என்றார். வாயை அடைப்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு விசாரித்ததில், அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதை விசாரிக்கப் போய்த்தான் இத்தனையும் தெரிந்துகொண்டேன்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் பெண் துரைப்பாக்கத்தில் வேலை பார்க்கிறாள். இரவு பத்து மணிக்கு மேல்தான் வீடு திரும்புவாள். எங்கள் பதினான்கு வயசுக் கார்தான் அவளுக்கு வாகனம். அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு ரேடியல் ரோடில் வந்துகொண்டிருந்தபோது, ஸ்டீரிங்குக்கு எதிரே பாட்டரி மாதிரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டியிருக்கிறாள். சற்று நேரத்தில் முன்விளக்கு மங்கியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நடுவில் கார் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் இருட்டு, நடுவில் பறக்கும் லாரிகள். ஒரு புண்ணியவான் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, நாங்கள் போய்ச் சேரும் வரையில் அவளுக்குத் துணையாக நின்றார். அவர் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் பம்மலில் எங்கள் மெக்கானிக் பார்த்தார். ஆல்டர்னேட்டர் போய்விட்டது. போனதோடு அவர் விடவில்லை. சக்கரத்தைக் கழற்றி, முன்பக்கத்துப் பிரேக் பேடும் தேய்ந்துபோய்த் தகடு தெரிய ஆரம்பித்துவிட்டதைக் காட்டினார். ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தார். ஆல்டர்னேட்டர் புதுசு 13,500 ரூபாய். ரீகண்டிஷன் 6,000. வேறு காரிலிருந்து கழற்றினது 2,500. பிரேக் பேட் புதுசு 3,200. பழைய தகட்டிலேயே லைனிங் ஒட்டித் தருவது 900. கூலி தனி.

கூலிக்குத் தனியாக எடுத்து வைத்தது போக எங்கள் கையில் இருந்தது 15,000 ரூபாய். என் வீட்டுக்காரர் அதிக நேரம் யோசிக்கவில்லை. "ஆல்டர்னேட்டர் புதுசாகவே போடு. பெண் நடுராத்திரியில் நின்றாளே, அது போதும். பிரேக்குக்கு லைனிங் ஒட்டிக்கொள்ளலாம். ஆக 14,400" என்றார்.

எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால், அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் ஏதோ தலைகீழாக இருப்பதுபோல் பட்டது. "இரண்டு நாள் பொறுங்கள்" என்றேன். அந்த இரண்டு நாள் ஒரு வாரமாக நீண்டது. அதற்குள்தான் மேலே சொன்ன வெள்ளிக்கிழமையும் வந்தது.

முதலில் இந்த ஆல்டர்னேட்டர் என்பது என்ன? பழைய தலைமுறையார் டைனமோ என்று சொல்லியது இதன் மூத்த பங்காளி. எஞ்சின் ஓடும்போது ஒரு பெல்ட் இதைச் சுழற்றுகிறது. உள்ளே செப்புக் கம்பி சுற்றிய உருளை சுழல, மின்சாரம் பிறக்கிறது. அதுதான் விளக்கை எரித்து, பாட்டரியையும் நிரப்பி வைக்கிறது. இது நின்றுபோனால் கார் கொஞ்ச தூரம் பாட்டரியிலேயே ஓடும், சேமிப்புப் பணத்தில் குடித்தனம் நடத்துவது மாதிரி. பாட்டரி தீர்ந்ததும் கார் நிற்கும்.

சரி, இதில் தேய்வது எது? மிக்ஸி ரிப்பேர்காரர், "கார்பன் தேஞ்சு போச்சும்மா" என்று சொல்லிச் சின்னக் கருப்புத் துண்டு இரண்டை மாற்றுவாரே, அதே கார்பன் துண்டுதான் இதிலும் இருக்கிறது. கிரைண்டர் கரகரவென்று சத்தம் போட்டால் பேரிங் போய்விட்டது என்கிறோமே, அதே பேரிங் இதிலும் உண்டு. மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்ற சின்னப் பாகமும், மின்சாரத்தை ஒரே திசையில் அனுப்பும் டயோடுகளும் சூட்டில் கெடும். அலுமினிய ஓடோ சாமானியத்தில் தேயாது. செப்புச் சுருளும் கருகாமல் இருந்தால் நெடுநாள் உழைக்கும். ஆக, சாமானின் கனத்தில் பெரும்பகுதி இன்னும் நன்றாகவே இருக்கிறது. அதற்குள் இருக்கும் நாலைந்து சின்னச் சாமான்கள்தாம் ஆயுள் முடிந்தவை.

இதைக் கேட்டபோது எனக்கு என் பாட்டி வீட்டு அம்மி ஞாபகம் வந்தது. தெருவில், "அம்மி கொத்தலையோ, அம்மி!" என்று குரல் கேட்டதும் பாட்டி வாசலுக்கு ஓடுவாள். வழவழவென்று தேய்ந்துபோன கல்லை உளியால் கொத்திக் கொடுத்துவிட்டுப் போவார் அந்த ஆள். மறுநாள் துவையல் அரைத்தால் புது அம்மி தோற்றுவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி வாங்கினோம், இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துப் பஞ்சு கொட்டித் தைத்தோம், அட்டிகையை அழித்து நெக்லெஸ் பண்ணிக்கொண்டோம். புதுப்பிப்பது என்பது நமக்குப் புதிய வித்தை அல்ல. மோட்டார்காரர்கள்தான் அதற்கு இங்கிலீஷ் பெயர் வைத்துக்கொண்டு நம்மை மிரட்டுகிறார்கள்.

ஆனால், அந்தப் பெயரில்தான் வம்பே இருக்கிறது. 'ரீகண்டிஷன்' என்ற ஒரே சொல்லைக் கடைக்காரர்கள் மூன்று வேறு வேறு சாமான்களுக்குச் சொல்கிறார்கள்.

ஒன்று, விபத்தில் நசுங்கிய காரிலிருந்தோ, உடைக்கப் போட்ட காரிலிருந்தோ கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. இரண்டாவது, ரிப்பேர் செய்தது. கார்பன் போயிருந்தால் கார்பன் மட்டும் மாற்றுவார்கள். பேரிங் எட்டு வருஷத்துப் பேரிங்காகவே இருக்கும். மூன்றாவதுதான் அசல் புதுப்பித்தல். முழுக்கப் பிரித்து, கழுவி, அளந்து, தேயக்கூடிய பாகம் அத்தனையையும், கெட்டிருந்தாலும் கெடாவிட்டாலும், புதிதாகப் போட்டு, மறுபடி பூட்டி, பெஞ்சில் வைத்து ஓட்டிப் பார்த்து, இத்தனை மாதத்துக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது. மூன்றுக்கும் மேலே பூசுகிற வெள்ளிப் பெயிண்ட் ஒன்றுதான். நரைக்குச் சாயம் பூசின மாப்பிள்ளை மாதிரி!

நான் ஏன் இவ்வளவு காரமாகச் சொல்கிறேன் என்றால், சில வருஷங்களுக்கு முன் நாங்களே ஒரு முறை ஏமாந்திருக்கிறோம். ஒரு கடையில் 'ரீகண்டிஷன்' ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கிப் பூட்டினோம். நாற்பதாம் நாள் படுத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் கார்பன் எறும்புத் தலை அளவுக்குத்தான் மிச்சமிருந்தது. வெளியே மட்டும் பெயிண்ட் பளபளவென்று மின்னியது. திரும்பப் போய்க் கேட்டபோது, "பில் இருக்கா?" என்றார்கள். பில் இல்லை. பில் போட்டால் வரி சேரும் என்று அவர்கள் சொல்ல, நாங்களும் சரியென்று தலையாட்டி வந்திருந்தோம்.

இனி விமானத்துக்கு வருகிறேன். விமானத்தின் டயர் ஓடுபாதையில் தேயத் தேய, மேல் ரப்பரை மட்டும் சீவி எடுத்துவிட்டுப் புது ரப்பர் ஏற்றுவது உலகம் முழுவதும் நடக்கிற சாதாரண வழக்கம். ஒரு தடவை அல்ல, பல தடவை ஏற்றுவார்கள். விமான எஞ்சினையும் குறிப்பிட்ட கெடுவில் பிரித்துப் பார்த்து, பாகங்களை மாற்றிப் பூட்டுகிறார்கள். இருநூறு பேர் அதை நம்பி ஏறி உட்காருகிறோம். ஏன்? அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் ஏடு இருக்கிறது. எப்போது செய்தது, எத்தனை தடவை இறங்கியது, யார் பிரித்தது, யார் சோதித்தது என்று கையெழுத்தோடு எழுதி வைத்திருப்பார்கள். பழைய சாமானா என்பது அங்கே கேள்வியே அல்ல, அதன் சரித்திரம் தெரியுமா என்பதுதான் கேள்வி. சந்தையில் சாக்கின்மேல் கிடந்த ஆல்டர்னேட்டருக்கு அந்தச் சரித்திரம்தான் இல்லை.

மேல் நாடுகளில் இந்தப் புதுப்பிக்கும் தொழில் யுத்த காலத்தில் ஓங்கியது. 1942 பிப்ரவரியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஜனங்களுக்குக் கார் செய்வதை நிறுத்திவிட்டு யுத்த தளவாடம் செய்யப் போய்விட்டன. இருக்கிற காரைத்தானே ஓட்டியாக வேண்டும்? பழைய சாமானைப் புதுப்பிக்கிற பட்டறைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. பிரான்ஸில் ரெனோ கம்பெனி பாரிசுக்குப் பக்கத்தில் ஷுவாசி-லெ-ருவா என்ற ஊரில் 1949-ல் இதற்கென்றே ஒரு தொழிற்சாலை வைத்தது. பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்த எஞ்சினை வாங்கிக்கொண்டு போகலாம். பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம் எடுக்கிறோமே, அதே ஏற்பாடு! இன்றைக்கும் நல்ல புதுப்பித்த சாமான் விற்கிற இடத்தில் முதல் கேள்வி, "பழசு எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். நம்முடைய பழசை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள். அதைக் கழிக்காமல் பழசையும் வாங்கி வைத்துக்கொண்டால் அங்கே பேரம் பேச நமக்கு நியாயம் இருக்கிறது.

நம்முடைய ஊருக்கும் இந்தக் கதை அந்நியமல்ல. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ரயிலில் போனவர்களுக்கு ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை ஞாபகம் இருக்கும். 1961-ல் அங்கிருந்துதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வெளிவந்தது. 1980-களின் கடைசியில் தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிற்சாலை போனாலும் ஹெரால்டு கார்கள் உடனே போய்விடவில்லை. புதுச் சாமான் வராத காருக்குப் புதுப்பித்த சாமானைத் தவிர வேறு கதி ஏது? மறைமலை நகரில் போர்டு கம்பெனி 2022 ஜூலையில் கார் செய்வதை நிறுத்தியபோதும், கார் வைத்திருந்தவர்கள் வீட்டில் முதலில் எழுந்த கவலை சாமானைப் பற்றித்தான்.

இதெல்லாம் சரி, புதுசு வாங்கிவிட்டால் நிம்மதிதானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜி.பி. ரோடில் நாலு கடை ஏறி இறங்கிய பிறகு, புதுசிலும் மூன்று ஜாதி இருப்பது தெரிந்தது.

கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வருவது முதல் ஜாதி. ஆனால், கார் கம்பெனிகள் எல்லாச் சாமானையும் தாங்களே செய்வதில்லை. நம்முடைய பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். மாதிரிக் கம்பெனிகள் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் செய்து கார் கம்பெனிகளுக்குக் கொடுக்கின்றன. அப்படிச் செய்கிற கம்பெனியே தன் பெயர் போட்ட பெட்டியிலும் கடைக்கு அனுப்புவதுண்டு. இது இரண்டாவது ஜாதி. உங்கள் காரில் முதலிலேயே பூட்டி வந்தது எந்தக் கம்பெனியின் சாமான் என்று பார்த்து, அதையே அதன் சொந்தப் பெட்டியில் கேளுங்கள். பல சமயம் விலை குறைவாக இருக்கும். மூன்றாவது ஜாதி, பெட்டியும் எழுத்தும் அச்சாக அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் சரக்கு வேறு. கடைத்தெருவில் இதற்கு 'டூப்ளிகேட்' என்று பெயர். பெட்டியில் செய்தவர் விலாசம், மாதம், வருஷம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகி இருக்கிறதா, எழுத்தில் பிழை இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். "பில் வேண்டாம் என்றால் இரண்டு ரூபாய் குறைத்துத் தருகிறேன்" என்கிற இடத்தில் சற்று ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. இந்தப் பாடத்துக்கு நாங்கள் கட்டின சம்பளத்தை மேலே சொல்லிவிட்டேன்.

கார் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில்தான் எல்லாம் செய்தாக வேண்டும், வெளியே போனால் வாரண்டி போய்விடும் என்ற பயமும் நம்மில் பலருக்கு உண்டு. இதைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்க விடாமல் கட்டுப்படுத்தியதற்காக 2014 ஆகஸ்டு 25-ந் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொல்லியது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின, அது வேறு கதை.

அடுத்தபடி புதுப்பேட்டை. எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பேட்டையில் கார்கள் கோழிபோல் உரிக்கப்பட்டு, கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, கியர் பெட்டி ஒரு கடை என்று தொங்குகின்றன. நெருக்கமான சந்துதான், ஆனால் வியாபாரிகளின் ஞானம் அபாரம். காரின் பெயரையும் வருஷத்தையும் சொன்னால், எந்த வருஷத்துச் சாமான் எந்தக் காருக்கும் பொருந்தும் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். கதவு, பம்பர், விளக்குக் கூடு, பக்கவாட்டுக் கண்ணாடி, ஸீட், சக்கர ரிம் இவைகளுக்கு அங்கே போவதில் தப்பே இல்லை. கண்ணால் பார்த்து, கையால் தடவி வாங்கக்கூடிய சாமான்கள் அவை. வளைந்த ரிம் மட்டும் வேண்டாம். நேராக நிற்கிறதா என்று சுழற்றிப் பாருங்கள். இங்கேயும் பில் கேட்டு வாங்குங்கள். திருட்டு வண்டியின் சாமானாக இருந்துவிட்டால் பில் ஒன்றுதான் உங்களுக்குச் சாட்சி.

எலெக்ட்ரானிக் பெட்டிகளைப் பழசாக வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். முடிச்சூர், மேற்குத் தாம்பரம், வேளச்சேரி என்று எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போனதைப் பார்த்தோம். அந்தக் கார்களின் சாமான்கள் எந்தக் கடையில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று யார் கண்டது? மேலே துடைத்துவிடுவார்கள். ஒயர் பூட்டுகிற துவாரத்தில் செப்பு ஊசிகளைப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் அது களிம்பு. பித்தளைக் குடத்தில் களிம்பு கண்டால் நாம் தண்ணீர் குடிப்போமா?

இப்போது அந்தத் துண்டுக் காகிதத்துக்கு வருவோம். எனக்கு ஏன் அது தலைகீழாகப் பட்டது என்பதை எங்கள் மெக்கானிக்தான் ஒரே வாக்கியத்தில் விளக்கினார். "அம்மா, சில சாமான் கெட்டுப்போனா வண்டி நின்னுடும். சில சாமான் கெட்டுப்போனா வண்டி நிக்காது. இரண்டாவதில மட்டும் காசு பார்க்காதீங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏர் கண்டிஷன் கம்ப்ரஸர், கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டார் இவை கெட்டால் சங்கடம்தான், ஆனால் வண்டி நிற்கும், அல்லது வியர்க்கும். பிரேக் பேட், பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், அதற்குள் இருக்கிற ரப்பர் வளையம், ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு, பால் ஜாயிண்ட், ஸீட் பெல்ட் இவை கெட்டால் சமாதானம் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். காற்றுப்பை ஒரு தடவை விரிந்தால் அதன் ஜன்மம் முடிந்தது. அதை மடித்துத் தைத்துத் திரும்ப வைக்கிறேன் என்பவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

பிரேக்குக்கு லைனிங் ஒட்டுவது ஒரு காலத்தில் வெகு கௌரவமான தொழில். அம்பாஸிடர், பியட், ஹெரால்டு காலத்தில் பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் வைத்து ரிவெட் அடித்துக் கொடுக்கும் கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். அது டிரம்முக்குள் இருக்கும் ஷூ. இப்போதைய கார்களின் முன்சக்கரத்தில் இருப்பது பேட். வழவழப்பான ஒரு வட்டத் தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. காரின் வேகத்தை அடக்குகிற பாரத்தில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். பேடில் இருக்கும் சரக்கைத் தகட்டோடு அழுத்தத்திலும் சூட்டிலும் ஒட்ட வேண்டும். தெருமுனையில் பசை தடவி ஒட்டினது சரியாக ஒட்டியதா என்பது ரேடியல் ரோடில் லாரிக்குப் பின்னால் மிதிக்கும்போதுதான் தெரியும். 3,200-க்கும் 900-க்கும் வித்தியாசம் 2,300 ரூபாய். அந்த 2,300 ரூபாயைத்தான் என் வீட்டுக்காரர் மிச்சம் பிடிக்கப் பார்த்தார்.

கிளச்சு மட்டும் இரண்டிலும் சேராத தனிப்பிறவி. புதுப்பித்த கிளச்சுத் தகடு மலிவாகவே கிடைக்கும். ஆனால், அதை மாற்றக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். சாமான் விலையை விடக் கூலி கண்ணைக் கட்டும். சுவரை உடைத்துக் குழாய் பதிக்கும்போது யாராவது பழைய குழாயைப் பதிப்பார்களா? இங்கே புதுசே சிக்கனம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, "வண்டி நின்றால் பரவாயில்லை, அந்தச் சாமான் பழசு போதும்" என்று ஜம்பமாகத் தீர்ப்புச் சொன்னேன். என் பெண் ஒரு வார்த்தை சொன்னாள்.

"அம்மா, ராத்திரி பத்தரை மணிக்கு அந்தச் சதுப்புக்கு நடுவில் நின்று பார். அப்புறம் பரவாயில்லை என்று சொல்."

எனக்குச் சுருக்கென்றது. மெக்கானிக் சொன்ன விதி ஆண்பிள்ளைகளின் விதி. அவர்களுக்கு வண்டி நின்றால் ஒரு டீ குடிக்கிற நேரம். பெண் தனியாக ஓட்டுகிற வண்டிக்கு நிற்பதும் ஓர் ஆபத்து. ஆகவே, சந்தையில் கிடந்த ஆயிரத்து ஐந்நூறும் இல்லை, மெக்கானிக் சொன்ன 2,500-ம் இல்லை என்று அப்போதே முடிவாயிற்று. மிஞ்சியது 13,500-ம் 6,000-மும்.

நான் ரீகண்டிஷன் செய்கிற இடத்துக்கே போனேன். மெக்கானிக்கும் கூட வந்தார். நான்கு கேள்வி கேட்டேன். பேரிங், கார்பன், ரெகுலேட்டர் மூன்றும் புதுசா? யார் செய்த பேரிங்? பெஞ்சில் ஓட்டிக் காட்டுவீர்களா? எத்தனை மாதத்துக்கு எழுதித் தருவீர்கள்? கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பழைய பேரிங்குகள் கிடந்த டப்பாவையும் புதுப் பேரிங்கின் அட்டைப் பெட்டியையும் எடுத்துக் காட்டினார். பெஞ்சில் பூட்டி ஓட்டினார். ஆறு மாதத்துக்குப் பில்லின் பின்புறம் எழுதி முத்திரை குத்தினார். எங்கள் பழைய ஆல்டர்னேட்டரை எடுத்துக்கொண்டு 400 ரூபாய் கழித்தார்.

பிரேக் பேட் புதுசு வாங்கினோம். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் கெடும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் காரில் எப்போது மாற்றினோம் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அதையும் மாற்றினோம். பழைய பேடைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் காகிதக் கனம்கூட மிச்சமில்லை. மாற்றின சாமானைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்ல வழக்கம், சகோதரிகளே. மாற்றினார்களா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் என்று ஒரு கருவி கிடைக்கிறது. பாட்டரியின் இரண்டு முனையிலும் அதன் ஊசிகளை வைத்தால் வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடாதபோது நல்ல பாட்டரி ஏறக்குறைய 12.5 காட்டும். எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.5-லிருந்து 14.5-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது என்று அர்த்தம். ஓடும்போதும் 12-லேயே நின்றால், சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடலாம். ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் வைப்பதைவிட இது கஷ்டமல்ல.

எங்கள் காரில் 14.2 காட்டியது. என் பெண் தன் கையாலேயே வைத்துப் பார்த்தாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறாள். விமானத்துக்கு ஏடு உண்டென்றால் எங்கள் காருக்கும் இப்போது ஏடு உண்டு!

என் வீட்டுக்காரர் அந்த மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு தெருவில் இருக்கிற கார்களுக்கெல்லாம் நாடி பார்த்துவிட்டார். மிச்சமான பணத்தை என்ன செய்யலாம் என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். நேற்று வெள்ளிக்கிழமை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு சாக்குப் பை இருந்தது. உள்ளே ஏதோ கனமாக, வட்டமாக இருந்தது. "செடிக்கு உரம்" என்றார். பையின் அடியிலிருந்து வாசல் கோலத்தின்மேல் கருப்பு எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.